அழைப்பு மணி நீங்கலாக

எங்கள் வீட்டுக்கு அழைப்பு மணி கிடையாது. வாசல் கதவின் வலப்பக்கம், தோள் உயரத்தில், சதுரமாக ஒரு வெளிறிய தடம் இருக்கிறது. அதன் நடுவிலிருந்து டேப் சுற்றிய இரண்டு ஒயர்கள் எட்டிப் பார்க்கின்றன. கூரியர்காரர்கள் முதலில் அந்த டேப்பைத்தான் அழுத்துகிறார்கள். பிறகு கதவைத் தட்டுகிறார்கள். வருகிறவர்கள் கேட்டால் ரிப்பேர் என்று சொல்லிவிடுகிறேன். உண்மையைச் சொல்ல அரை மணி நேரமாகும். அந்த மணி எங்கள் வீட்டின் விலையிலிருந்து கழிக்கப்பட்டது. ஐந்நூறு ரூபாய்.

இப்போது அந்த அரை மணி நேரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

நான் மைசூரில் அரசு உதவிபெறும் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. பத்தாம் வகுப்பில் வங்கிகளைப் பற்றி ஒரு பாடம் உண்டு. இருபத்து நான்கு வருடங்களாக அதை நடத்தி வருகிறேன். சேமிப்புக் கணக்கு, நடப்புக் கணக்கு, வைப்புக் கணக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்று நிச்சயம் வரும் என்று பிள்ளைகளிடம் அடித்துச் சொல்வேன், வரும். அந்தப் பாடத்தில் வீட்டுக் கடனுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான். வங்கிகள் வீடு வாங்கவும் கடன் தருகின்றன. அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் ஐம்பதை நெருங்கும் வயதில் நான் வீடு வாங்கக் கிளம்பினேன்.

வீடு ஸ்ரீராம்புராவில். இருபதுக்கு முப்பது அடி சைட், கீழே ஒரு கூடம், சமையலறை, ஓர் அறை, மாடியில் இன்னோர் அறை. விற்றவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, கன்னடக்காரர். ஹூப்ளியில் இருக்கும் மகனோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னார். நானும் டீச்சர் என்று தெரிந்ததும் விலையில் ஐம்பதாயிரம் குறைத்தார், ஆனால் அதற்கு என்னை மூன்று முறை நேரில் வந்து பேச வைத்தார். கையிலிருந்த நகையெல்லாம் அட்வான்ஸாகப் போயிற்று. ஜூன் முதல் வாரம் ஒப்பந்தம் எழுதினோம். மூன்று மாதத்துக்குள் முப்பது லட்சம் கடன் வாங்கி, பத்திரப் பதிவை முடிக்க வேண்டும்.

கடன் என் பெயரில்தான் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. என் கணவருக்கு தேவராஜ மொஹல்லாவில் டூவீலர் உதிரிபாகக் கடை. நன்றாக ஓடும் கடை. ஆனால் அவருடைய ஆடிட்டர் ஒரு கலைஞர். வருடா வருடம் வருமானத்தைக் குறைத்துக் காட்டி, பார்த்தீர்களா என்று பெருமையோடு கணக்கை நீட்டுவார். இவரும் பூரித்துப்போய் சுவீட் பாக்கெட் கொடுத்து அனுப்புவார். என் சம்பளக் கணக்கு இருக்கும் அரசு வங்கியில், லோன் பார்க்கும் அதிகாரி அந்தக் காகிதங்களை மூன்று முறை திருப்பிப் பார்த்தார். வீட்டுக்கு வெளியே நடந்த பேச்செல்லாம் கன்னடத்தில். நான் தமிழில் எழுதுகிறேன்.

"சார், கடை ஓடுதுன்னு சொல்றீங்க. இதைப் பார்த்தா நீங்க வீட்டுல சாப்பிடறதே மேடம் தயவுலன்னு தெரியுது."

"அது... வரிக்காகக் காட்டினது சார்."

"நாங்க காட்டினதைத்தான் நம்புவோம்."

பத்து வருடங்களாக யாரும் நம்பக் கூடாது என்று நாங்கள் நினைத்த காகிதத்தை முதன்முதலாக ஒருவர் முழுமனதோடு நம்பிவிட்டார்.

எனக்கு ஒரு மகள். இருபத்து நான்கு வயது, மைசூரிலேயே ஹெப்பாளில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. தமிழைவிடக் கன்னடம் நன்றாக வரும். ஜெர்மனியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. மார்ச்சில் கிளம்ப வேண்டும். அவள் இரண்டு வருடம் சேர்த்த பணமெல்லாம், அந்த ஊர்க்காரர்கள் கேட்டபடி, அங்கே போனபிறகுதான் திறக்கக்கூடிய ஒரு கணக்கில் ஏற்கனவே பூட்டப்பட்டுவிட்டது. அவளைப் பற்றி எனக்கு ஒரே ஒரு தீர்மானம்தான் இருந்தது. வீடு வாங்கலாம், வாங்காமலும் போகலாம். இதில் இவள் மாட்டக் கூடாது.

கடன் தருகிறவரைத் தேர்ந்தெடுக்க ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். பாடத்திட்டம் எழுதுவதுபோலக் கட்டம் கட்டினேன். மூன்று பேர் தேறினார்கள்.

முதலாவது, மேலே சொன்ன அரசு வங்கி. அங்கே ஒரே ஒரு மின்விசிறி, அது அதிகாரியை மட்டும் பார்த்துச் சுற்றும். முப்பது வருடத்து மூலப்பத்திரங்கள், வில்லங்கச் சான்று, வரி ரசீதுகள், என் பள்ளியிலிருந்து நான் உயிரோடு வேலை பார்க்கிறேன் என்பதற்கு ஒரு கடிதம், எல்லாம் கேட்டார்கள். இரண்டாவது, ஒரு தனியார் வங்கி. அங்கிருந்து ஒரு பெண் தினமும் நான் வகுப்பில் இருக்கும்போது பார்த்துப் போன் செய்வாள்.

"மேடம், உங்களுக்குப் பர்சனல் லோன் ரெடி. பத்தே நிமிஷம்."

"எனக்கு வீட்டு லோன்தான்மா வேணும்."

"அது வேற டிபார்ட்மெண்ட் மேடம். பர்சனல் லோன்ல வீடு வாங்கிக்கோங்களேன்."

நோட்டில் அந்தக் கட்டத்தைக் குறுக்கே அடித்தேன்.

மூன்றாவது, ஒரு வீட்டு வசதிக் கடன் கம்பெனி. அதன் ஏஜெண்ட் வீட்டுக்கே வந்தார். உட்காரும் முன்பே ஒரு சுவர்க் காலண்டரைப் பரிசாக நீட்டினார். ஜூன் மாதத்தில் காலண்டர் கொடுக்கிற மனிதரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எட்டேகால் சதவீதம் என்று பளபளப்பான தாளில் அச்சிட்டிருந்தது. எண்ணின் தலையில் ஒரு நட்சத்திரம். தாளின் அடியில் எறும்பு எழுத்தில் அந்த நட்சத்திரத்துக்கு விளக்கம். மகள் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தாள்.

"அம்மா, இது 'எட்டேகால்ல ஆரம்பம்'னு அர்த்தம். உனக்கு எவ்ளோன்னு போடலை."

"எங்களுக்கு எவ்ளோ சார்?"

"உங்களுக்குப் பத்து வரும் மேடம். ஆனா அறுபத்தேழு வயசு வரைக்கும் கட்டலாம்." ஏதோ ஆயுளையே நீட்டித் தந்ததுபோல் சிரித்தார். காப்பீடு ஒன்று எடுக்க வேண்டும், அந்தப் பிரீமியத்தையும் கடனிலேயே சேர்த்துவிடலாம், கையிலிருந்து ஒன்றும் போகாது என்றார். கடனுக்கு எடுக்கும் காப்பீட்டுக்கும் கடன், அதற்கும் வட்டி. நான் தலையாட்டினேன். வகுப்பில் பிள்ளைகள் எப்போது இப்படித் தலையாட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

அன்று மகள் லேப்டாப்பில் ஒரு அட்டவணை போட்டுக் காட்டினாள். அரசு வங்கியில் எட்டரை சதவீதம், பத்து வருடம், மாதம் முப்பத்தேழாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றாறு. முதல் மாதத் தவணையில் இருபத்தோராயிரத்து இருநூற்றைம்பது வட்டிக்கே போகும்.

"அப்போ முதல் மாசம் நாம வீட்டுல வாங்கினது எவ்ளோ?" என்று கேட்டார் கணவர்.

"பதினாறாயிரத்துக்குக் கொஞ்சம் கீழப்பா."

"சரி, பாத்ரூம் கதவு நம்முது."

இருபத்து நான்கு வருடம் நடத்திய பாடம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. வட்டி எவ்வளவு என்பது பாதிக் கேள்விதான். எத்தனை வருடம், வட்டி ஏறினால் வீங்குவது தவணையா காலமா, முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா, யார் யார் கையெழுத்து, இவையெல்லாம் சேர்ந்ததுதான் மீதிப் பாதி. இதைப் பெரிய எழுத்தில் நோட்டில் எழுதினேன். கடைசிக் கேள்வியைச் சிவப்பில் அடிக்கோடிட்டேன். அரசு வங்கியில் என் ஒரு கையெழுத்து போதும். மாதச் சம்பளத்தில் பாதிவரை தவணை போகலாம் என்பது அவர்கள் விதி. என் சம்பளத்தில் பாதி முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு. தவணை அதற்குள் அடங்கியது, முந்நூற்று நான்கு ரூபாய் மிச்சத்தோடு. அரசு வங்கியைத் தேர்ந்தெடுத்தோம். ஜூன் இருபத்து நாலாம் தேதி கடன் ஒப்புதல் கடிதம் கைக்கு வந்தது. ஒன்பது பக்கம். முதல் பக்கத்தைப் பூஜை அலமாரியில் வைத்துக் கும்பிட்டேன். மற்ற எட்டுப் பக்கங்களையும் கும்பிட்டேனே தவிர, படிக்கவில்லை.

ஓடிப்போய் வீட்டுக்கார அம்மாளிடம் சொன்னேன். பத்திரம் எழுத, நேரம் வாங்க, எப்படியும் ஒரு வாரமாகும் என்றேன்.

அவர் காலண்டரைப் பார்த்தார். "மிஸ், நாளன்னிக்கு ஆஷாடம் பிறக்குது. ஆஷாடதல்லி பேடா. அந்த மாசத்துல நாங்க எதையும் கைமாத்த மாட்டோம். அமாவாசை கழிஞ்சு ஸ்ராவணம் வரட்டும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் வந்து, படித்தவர், தலைமை ஆசிரியையாக இருந்தவர், இப்படியா என்று சொல்லிச் சிரித்தேன். ஆஷாட வெள்ளிக்கிழமைகளில் ஊரே சாமுண்டி மலைக்குப் போய்விடும். அந்த அம்மாளும் போனார், லோன் அதிகாரியும் லீவு போட்டுவிட்டுப் போனார். எனக்குக்கூட இரண்டு வெள்ளி பிரசாதம் வந்தது. இரண்டு பேரும் என்னை நினைத்து வேண்டிக்கொண்டதாகச் சொன்னார்கள்.

ஜூலை இருபத்தைந்தாம் தேதி காலை ஏழு மணிக்கு அந்த அம்மாள் போன் செய்தார். "மிஸ், ஸ்ராவணம் வந்தாச்சு. வாங்க, முடிச்சுடலாம்."

நான் ஏஜெண்ட் கொடுத்த காலண்டரைப் பார்த்தேன். ஸ்ராவணம் என்றுதான் இருந்தது. அதன் பக்கத்து ஆணியில் தமிழ்க் காலண்டர் தொங்கியது. ஹனூரில் விவசாயம் பார்க்கும் என் நாத்தனார் வருடா வருடம் கொடுத்தனுப்புவது. அதில் ஆடி ஒன்பது.

இந்தச் சங்கடம் மைசூர்த் தமிழர்களுக்கு மட்டுமே உரியது என்று நினைக்கிறேன். கன்னடக்காரர்களின் ஆகாத மாதம் நிலவை வைத்து வரும், நம்முடையது சூரியனை வைத்து வரும். சில வருடம் இரண்டும் ஒன்றாக வந்து ஒன்றாகப் போகும். சில வருடம் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வரும். அந்த வருடம் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது.

எனக்கு நம்பிக்கை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பயம் மட்டும்தான் உண்டு. நாத்தனாருக்குப் போன் போட்டேன், அவர் சரி என்று சொல்லிவிட்டால் நமக்கென்ன என்று.

"ஏனுங்கண்ணி, ஆடீல போயி ஊடு ரிஜிஸ்டர் பண்ணுவாங்களா யாராச்சும்? மசக்காத்துல புள்ளைய வெளிநாடு அனுப்பப் போறீங்க. அவளுக்கு ஒண்ணுன்னா அப்பறம் அந்த ஊட்டுல குந்திக்கிட்டு என்ன பண்ணுவீங்க? இன்னும் இருவத்தி மூணு நாளு பொறுக்க முடியாதா?"

மசக்காத்து எது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் 'அவளுக்கு ஒண்ணுன்னா' என்பது எந்த வட்டாரத்துத் தமிழிலும் எனக்குப் புரியும். அந்த அம்மாளுக்குப் போன் செய்து, ஆடி கழியட்டும் மேடம் என்றேன்.

"ஆடியா? மைசூர்ல ஏது மிஸ் ஆடி?" என்று சிரித்தார். நான் அவருடைய ஆஷாடத்தைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.

மகள் மட்டும் முணுமுணுத்தாள். "அம்மா, எனக்காகன்னு எதையும் தள்ளிப் போடாதேம்மா. ஸ்வல்ப யோசி, கொஞ்சமாவது."

"உனக்காகத்தான் தள்ளிப் போடறேன். சும்மா இரு."

ஆகஸ்ட் இரண்டாம் தேதி எனக்கு ஐம்பது வயது நிறைந்தது. மகள் கேக் வாங்கி வந்தாள். ஊதி அணைத்தேன். அந்த நேரத்தில் என்ன ஊதி அணைத்தேன் என்று எனக்குத் தெரியாது.

ஆவணி பிறந்த மறுநாள், கணவரும் நானும் வங்கிக்குப் போனோம். பதிவுக்கு நாள் குறித்துவிட்டோம், காசோலை தயார் செய்யுங்கள் என்றேன். அதிகாரி கணினியில் தட்டினார். நிறுத்தினார். மறுபடி தட்டினார். மின்விசிறி அவரைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

"மேடம், நடுவுல பர்த்டே வந்துச்சா?"

"ஆமா. இரண்டாம் தேதி."

"ஹேப்பி பர்த்டே மேடம்," என்றார். நிஜமாகவே எழுந்து நின்று சொன்னார். பிறகு உட்கார்ந்து, "ஒரு சின்னப் பிரச்சினை," என்றார்.

ஒப்புதல் கடிதத்தின் ஏழாம் பக்கம். கடனின் காலம், பணம் தரும் நாளில் விண்ணப்பதாரரின் ஓய்வுக்கு மீதமுள்ள முழு ஆண்டுகளுக்கு மிகாது. எனக்கு ஓய்வு அறுபது வயதில். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி முழுதாகப் பத்து வருடமும் ஒரு நாளும் இருந்தது. இப்போது பத்துக்கு இரண்டு வாரம் குறைவு.

"பதினைஞ்சு நாள்தானே சார் குறையுது," என்றார் கணவர். "ஒன்பது வருஷம் பதினோரு மாசம்னு போடுங்க."

"சிஸ்டத்துல மாசத்துக்குக் கட்டம் இல்லை சார். வருஷம் மட்டும்தான். ஒன்பது."

ஒன்பது வருடத்துக்குத் தவணை முப்பத்தொன்பதாயிரத்து எண்ணூற்று முப்பத்தெட்டு. என் சம்பளத்தின் பாதியைத் தாண்டி இரண்டாயிரத்து முந்நூற்று முப்பத்தெட்டு ரூபாய்.

"வழி இருக்கு," என்று அவர் உற்சாகமானார். "உங்க மகள் வேலை பார்க்கறாங்கல்ல? அவங்களைக் கூட்டுக் கடன்தாரரா சேர்த்துடலாம். ஒரே ஒரு கையெழுத்து. கடன் முடியற வரைக்கும் அவங்க சம்பளமும் கணக்குல வரும். வேலையை விடறதா இருந்தா மட்டும் எங்களுக்குச் சொல்லணும், அப்போ மறுபடி பார்க்கணும்."

மார்ச்சில் அவள் வேலையை விடப் போகிறாள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். கணவர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். வெளியே வந்ததும், "ஒரு நாள் டைம் கேட்கலாம்னுதான் மிதிச்சேன்," என்றார்.

பேருந்து நிறுத்தத்தில் நின்று நாள்களை எண்ணிப் பார்த்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று இருபத்து மூன்று நாள் காத்திருந்தேன். அந்த நாள்களின் நடுவில் வந்த என் பிறந்தநாளே அவளை ஒன்பது வருடத்துக்குக் கட்டிப்போடப் பார்த்தது. ஸ்ராவணம் பிறந்த அன்றே போயிருந்தால், பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருந்தது. ஆஷாடத்தைக் குறை சொல்ல வழியே இல்லை. எட்டு நாளும் என்னுடைய ஆடி.

மகளிடம் மறைக்க நினைத்தேன். என் முகத்தைப் பார்த்ததும் கேட்டுவிட்டாள். சொன்னேன்.

"இவ்ளோதானா? போடறேன்மா சைன். ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ கழிச்சுப் போறேன். ஜெர்மனி எங்கேயும் போயிடாதும்மா."

அவள் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எங்கேயும் போகாது என்று சொல்லி வைத்தவைதான், எனக்குத் தெரிந்தவரை, முதலில் போனவை. நான் எழுந்து சமையலறைக்குப் போய் அடுப்பில் ஒன்றும் இல்லாமலே கொஞ்சநேரம் நின்றேன்.

கணவருக்கு ஏஜெண்டின் ஞாபகம் வந்தது. "அந்தக் கம்பெனில போட்டுடலாமே. பொண்ணு சைன் வேண்டாம். அறுபத்தேழு வரைக்கும் கட்டலாம்."

மகள் அட்டவணையைத் திறந்தாள். பத்து சதவீதம், பதினேழு வருடம். மாதத் தவணை முப்பதாயிரத்துச் சொச்சம்தான். கேட்க இனிமையாக இருந்தது. மொத்தத்தைக் கூட்டினாள். முப்பது லட்சம் அறுபத்திரண்டு லட்சத்தைத் தாண்டிப் போயிற்று.

"அது போகட்டும்," என்றேன். "அறுபதுல எனக்குச் சம்பளம் நின்னுடும். அறுபத்தேழு வரைக்கும் யாருங்க கட்டறது?"

"கடை இருக்கே."

"உங்க ஆடிட்டர் கணக்குப்படி கடையே இல்லைங்க."

மூவருமே ஒரே நேரத்தில் அதைப் புரிந்துகொண்டோம் என்று நினைக்கிறேன். அந்த ஏழு வருடத்தையும் கையெழுத்தே போடாமல் கட்டப்போவது அவள்தான். வங்கியாவது அவளைக் கேட்டுவிட்டுக் கட்டிப்போடுகிறது. நோட்டில் மூன்றாவது கட்டத்தையும் அடித்தேன். ஏஜெண்ட் கொடுத்த காலண்டரையும் கழற்றினேன். தமிழ்க் காலண்டரையும் கழற்றினேன். நாத்தனாருக்குத் தெரியாது.

மறுநாள் வங்கியில் கேள்வியை மாற்றிக் கேட்டேன். என் ஒருத்தியின் கையெழுத்துக்கு, ஒன்பது வருடத்துக்கு, எவ்வளவு தருவீர்கள்? இருபத்தெட்டு லட்சத்து இருபதாயிரம் என்றார் அதிகாரி. ஒரு லட்சத்து எண்பதாயிரம் குறைந்தது. அதைப் புரட்ட எங்களிடம் எதுவும் மிச்சமில்லை. நகை அட்வான்ஸில், சேமிப்பு பத்திரச் செலவில். ஒப்பந்தக் கெடு முடியப் பதினாறு நாள்.

நேராக ஸ்ரீராம்புராவுக்குப் போனேன். அந்த அம்மாள் கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தலைமை ஆசிரியை முன்னால் நிற்கும் ஆசிரியைபோல நின்றுகொண்டே சொன்னேன்.

"ஆஷாடம் என்னோடது. அதுக்கு நான் பொறுப்பு," என்றார் அவர். "ஆனா உங்க பர்த்டே ஸ்ராவணத்துல வந்திருக்கு மிஸ். நான் அன்னிக்கே கூப்பிட்டேன்."

"ஆமா மேடம்."

"எட்டு நாள் இருந்தது."

"ஆமா மேடம்."

"விலையைக் குறைக்க முடியாது. பையன் கணக்குப் போட்டு வச்சிருக்கான்." அவரைக்காய் நாரை இழுத்துப் போட்டார். பிறகு ஊஞ்சலை ஒரு காலால் மெதுவாகத் தள்ளினார். "இந்த ஊஞ்சலையும் சேர்த்துத்தானே விலை பேசினோம்?"

"ஆமா."

"பர்மா தேக்கு. பித்தளைச் சங்கிலி. நாற்பத்தைந்தாயிரம் போகும். பையனோட புது வீடு காலியாத்தான் கிடக்கு. அவனே வாங்கிக்கட்டும்."

ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. வீட்டோடு சேர்த்து விலை பேசிய சாமான்களை அவரே எடுத்துக்கொண்டு, அவற்றின் விலையைக் கழித்துவிடப் போகிறார். புரிந்தபோது அவர் ஏற்கனவே எழுந்து, ஒரு பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்திருந்தார். நான் ஸ்டூலில் ஏறி நின்று, அவர் சொல்வதையெல்லாம் தொட்டுக் காட்டினேன். மாடியிலிருந்த சோலார் தண்ணீர்க் கொதிகலன் முப்பதாயிரம். மர அலமாரிகள் இரண்டும் நாற்பதாயிரம் என்றார். நான் ஐம்பது என்றேன்.

"மிஸ், நீங்க வாங்கறவங்க. நீங்க ஏத்திப் பேசக் கூடாது."

"எனக்கு இப்போ ஏறினாத்தான் மேடம் நல்லது."

"அலமாரி நாற்பதுதான். நான் பொய்க் கணக்கு எழுத மாட்டேன்."

இன்வெர்ட்டர், சமையலறைப் புகைபோக்கி, ஐந்து மின்விசிறிகள், குடிநீர்ச் சுத்திகரிப்பான், கூடத்துத் தொங்கு விளக்கு. விற்பவர் குறைத்துச் சொல்ல, வாங்குபவள் கூட்டிக் கேட்க, இரண்டு ஆசிரியைகளும் ஒரு வீட்டை அறை அறையாக உரித்துக்கொண்டிருந்தோம். திரைச்சீலைக் கம்பிகள் ஐயாயிரத்துக்குப் போயின. குளியலறைக் கண்ணாடி போயிற்று. முற்றத்துத் துளசி மாடத்தின் முன்னால் அவர் சற்று நின்றார். "கல்லுதான், பெயர்த்துடலாம். எனக்கும் அங்கே வேணும்," என்று இரண்டாயிரத்து ஐந்நூறு எழுதினார்.

கூட்டினோம். ஒரு லட்சத்து எழுபத்தொன்பதாயிரத்து ஐந்நூறு.

"ஐந்நூறு இடிக்குது," என்றார்.

"அதை நான் கையிலிருந்து தர்றேன் மேடம்."

"கூடாது. பேங்க் வக்கீல் படிப்பான். கணக்குன்னா கணக்கு முழுசா நிக்கணும்." சுற்றுமுற்றும் பார்த்தார். வீட்டில் சுவரையும் கதவையும் தவிர எதுவும் மிச்சமில்லாததுபோல் இருந்தது. அப்போது வாசலில் பால்காரர் மணியை அழுத்தினார். மணிக்குள்ளிருந்து ஒரு குருவி கூவியது. நாங்கள் இரண்டு பேரும் வாசலைப் பார்த்தோம். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பத்திரம் எழுதுபவர் துணை ஒப்பந்தத்தை எழுதும்போது மூன்று முறை பேனாவைக் கீழே வைத்தார். முப்பது வருடத் தொழிலில், மேற்படி வீடு, துளசி மாடம் மற்றும் அழைப்பு மணி நீங்கலாக என்று எழுதுவது இதுதான் முதல் தடவை என்றார். வங்கி வக்கீல் அதை மதிப்பீட்டாளருக்கு அனுப்பினார். மதிப்பீட்டாளர் மறுபடி ஒருமுறை நேரில் வந்து, மணி இருந்த இடத்தை அளந்து பார்த்துவிட்டு, கட்டடத்தின் மதிப்பு பாதிக்கப்படவில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

கையெழுத்துப் போடும் நாளன்று மகளும் லீவு போட்டுவிட்டு வங்கிக்கு வந்தாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. எங்கே நான் கடைசி நேரத்தில் சொதப்பிவிடுவேனோ என்று, தன் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, சொந்தப் பேனா எல்லாம் எடுத்து வந்திருந்தாள். அதிகாரி ஒவ்வொரு பக்கமாகத் திருப்ப, நான் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை ஒவ்வொரு பக்கத்தையும் படித்தேன். பின்னால் வரிசை நீண்டது. ஒருவர் இருமினார். படித்தேன்.

கூட்டுக் கடன்தாரர் என்ற பக்கம் வந்தது. காலியாக இருந்தது. பெயர், வயது, உறவுமுறை, கையெழுத்து. அதிகாரி ஸ்கேலை வைத்து மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார். கோடு பாதியில் மை தீர்ந்து நின்றுவிட்டது. பேனாவை உதறினார். வரவில்லை. என் மூச்சும் அங்கேயே நின்றது.

"சார், இந்தாங்க," என்று மகள் தன் பேனாவை நீட்டினாள். மீதிக் கோட்டை அவர் அதில் இழுத்தார்.

வெளியே வந்ததும் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "அப்போ வீட்டுல எனக்கு ஒண்ணுமே இல்லையா? ஒரு சைன்கூட இல்லையா?"

"ஒண்ணுமே இல்லை," என்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எதையும் யாரிடமும் மறுத்ததில்லை.

ஆவணிக்குள் குடிபோனோம். மின்விசிறி இல்லை, விளக்கு இல்லை, வெந்நீர் இல்லை. கூடத்தின் மேற்கூரையில் ஊஞ்சல் மாட்டும் இரண்டு கொக்கிகள் மட்டும் இருந்தன. அவற்றைக் கழற்றினால் தளம் பெயரும் என்பதால் அந்த அம்மாள் விட்டுப்போனார். கணவர் அவற்றில் ஒன்றில் பை மாட்டுகிறார். மற்றவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. மணியை மட்டும் வாங்கவில்லை. யாராவது கதவைத் தட்டும்போதெல்லாம் அந்தக் காலிப் பக்கம் நினைவுக்கு வருகிறது, பிறகு அதில் கோடு இழுத்தாயிற்று என்பதும் நினைவுக்கு வருகிறது. அந்த இரண்டாவது நினைவுக்காகத்தான் வாங்காமல் இருக்கிறேனோ என்னவோ.

மார்ச்சில் மகள் கிளம்பினாள். டாக்ஸி வாசலில் நின்றது. இரண்டு பெட்டிகளையும் ஏற்றியாயிற்று. கட்டிப்பிடித்து, அழுது, கையாட்டி, கதவைச் சாத்திக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கதவு தட்டும் சத்தம்.

திறந்தேன். அவள்தான். பாஸ்போர்ட் வைத்த பையை ஊஞ்சல் கொக்கியிலேயே விட்டுவிட்டாள். எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, சுவரிலிருந்த டேப் ஒயரைச் சுட்டிக் காட்டினாள்.

"ஐந்நூறு ரூபாம்மா. ஒரு பெல் வாங்கு. நான் திரும்பி வரும்போதும் தட்டிக்கிட்டு நிக்கணுமா?"

"வாங்கறேன். பங்குனி போகட்டும்," என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே படியிறங்கி டாக்ஸிக்கு ஓடினாள். நான் கதவைச் சாத்தவில்லை. டாக்ஸி முனை திரும்பும்வரை திறந்தே வைத்திருந்தேன்.